ஐந்தங்குலம் தூக்கிய வண்டி

முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி பின்னால் போனது. அது பின்னால் போகும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவும் எதிர்பார்க்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போதும் ஏதாவது ஒரு வண்டி என் கண்ணெதிரே பின்னால் நகர்ந்தால் டிரைவரைக் கண்டபடி திட்டிவிடுவேன். பாவம், அந்த ஆள் ஒழுங்காகத்தான் ரிவர்ஸ் எடுத்திருப்பார்.

நடந்தது எழுபதுகளின் கடைசியில். மட்டாஞ்சேரியில் ஒரு பழைய பாண்டிகசாலையை ஒட்டி எங்கள் வீடு. சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்கும் பெரிய கிடங்குக்கு அங்கே அப்படித்தான் பேர். அப்பா அதற்குக் காவல், மேற்பார்வை எல்லாம். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மூட்டை தூக்க வந்த குடும்பம். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்து, திருநெல்வேலியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அம்மா சொல்லிக்கொடுத்தது. கிடங்குக்கு முன்னால் இஞ்சி காயப்போடும் சிமென்ட் களம் ஒன்று உண்டு. மழை மாதங்களில் அது சும்மா கிடக்கும். அந்தக் களத்தில்தான் நான் வண்டியைப் பிரித்துப் போட்டேன்.

எனக்கு அப்போது தோப்பும்படியில் வேலை. மீன்பிடி படகுகளின் எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பட்டறை. இருபத்தைந்து வயதுக்குள் நான் கை வைத்தால் எஞ்சின் ஓடும் என்று பேர் வாங்கியிருந்தேன். அந்தப் பேர் தலைக்கு ஏறியிருந்தது. கோபமோ மூக்குக்கு மேல். யாராவது ஒரு யோசனை சொன்னால், "உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்பதுதான் பதில். அதனால் எனக்கு யோசனை சொல்வதை வீட்டில் எல்லாரும் நிறுத்தியிருந்தார்கள். எனக்கு எல்லாம் தெரிந்திருப்பதால்தான் யாரும் பேசுவதில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வண்டி வேலை முழுக்க அக்காவுக்காக. அவளை ஹைரேஞ்ச் மலைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்துச் சூப்பர்வைசருக்குக் கொடுத்திருந்தோம். பஸ் நிற்கும் கடைத்தெருவிலிருந்து தோட்டத்துக்கு ஐந்து மைல். ரோடு என்று பேர்தான். லாரி ஏறி ஏறி இரண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவில் பாறையும் மண்ணும் எருமை முதுகு மாதிரி எழும்பி நிற்கும். முந்தின வருஷம் ஆடி மழையில், எட்டாம் மாதத்திலேயே அக்காவுக்கு வலி கண்டது. தோட்டத்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியில் அந்த முதுகில் ஜீப்பின் வயிறு தட்டி, சக்கரங்கள் சும்மா சுற்றின. ஆள் கூட்டி வந்து தூக்கிவிட மூன்று மணி நேரம் ஆயிற்று. குழந்தை ஜீப்பிலேயே பிறந்து, அழாமலே போய்விட்டது.

அத்தான் வந்து இதைச் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. திகைப்புதான் வந்தது. நாலு விரற்கடை! ஜீப்பின் வயிறு நாலு விரற்கடை மேலே இருந்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். இரும்பை வெட்டுவதும் ஒட்டுவதுமாகப் பிழைக்கிற எனக்கு அதைத் தாங்கவே முடியவில்லை.

மறு வருஷம் அக்கா மறுபடி உண்டானாள். ஏழு மாதம் முடியும்வரை அசையாமல் படுத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு எப்படியாவது எர்ணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏழு முடிவது மறுபடியும் ஆடியில். கம்பில் தொட்டில் கட்டித் தூக்கிவரலாமா என்று அப்பா கேட்டார். வழியில் ஒரு தோடு குறுக்கே ஓடியது. மழைக் காலத்தில் அந்த ஓடையை, ஆளைச் சுமந்துகொண்டு கால் வைத்துக் கடக்க முடியாது. வண்டிதான் வேண்டும். வயிறு தட்டாத வண்டி.

எங்கள் பட்டறை முதலாளிக்குச் சொந்தமாக அப்படி ஒன்று, இடக்கொச்சியில் ஓர் ஐஸ் ஷெட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. பட்டாளத்தில் கழித்துவிட்டது. ஜீப்புக்கு அண்ணன் மாதிரி இருக்கும், கொஞ்சம் நீளம், சாதாரணமாகப் பின் சக்கரம்தான் இழுக்கும், வேண்டுமானால் நாலு சக்கரத்துக்கும் எஞ்சினின் இழுவையைக் கொடுக்கலாம். ஓட வைக்க முடிந்தால் பிரசவம் முடியும்வரை வைத்துக்கொள் என்றார். ஐஸ் லாரியில் வடம் கட்டி அதை மட்டாஞ்சேரிச் சந்துகள் வழியாக இழுத்து வந்தோம். அப்பா வாசலில் நின்று பார்த்தார்.

"எடா, இது வண்டியா, யுத்தத்துல செத்ததோட எலும்பா?"

"ரெண்டு மாசம் பொறுங்க, பாருங்க," என்றேன்.

எஞ்சின் எனக்குப் பெரிய வேலையில்லை, இரண்டு வாரத்தில் உறுமியது. டயரை ஒரு சைஸ் கூட்டினேன். அடுத்தது உயரம். வண்டியின் எடையைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்குகள் அச்சுக்குக் கீழே மாட்டியிருந்தன. அவற்றைக் கழற்றி அச்சுக்கு மேலே மாட்டிவிட்டால் உடம்பு முழுக்க ஐந்து அங்குலம் எழும்பும். ஆனால் ஸ்பிரிங் உட்காருவதற்கு அச்சில் ஒரு சின்ன இரும்பு மேடை வேண்டும். இருக்கிற மேடை கீழ்ப்பக்கம் ஒட்டியிருந்தது. மேல்பக்கத்துக்குப் புதிதாக வெட்டி ஒட்ட வேண்டும்.

ஒட்டுவதற்கு வந்தவர் அடுத்த சந்தில் இருந்த வெல்டர் சேட்டன். மலையாளி, எங்களோடு பழகிப் பழகித் தமிழும் பேசுவார். முன் அச்சுக்கு அவர் மேடை வைத்து ஒட்ட ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. அன்று சாயங்காலம் பின் அச்சைப் பார்த்துக்கொண்டே நின்ற எனக்கு மண்டையில் விளக்கு எரிந்தது. பின் அச்சில் ஸ்டீரிங் கிடையாது. வெறும் குழாய், நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் குடம், அவ்வளவுதான். அச்சையே தலைகீழாகப் புரட்டிப் போட்டால் கீழே இருக்கும் மேடை தானாக மேலே வந்துவிடும். எதற்கு வெட்டுவது, எதற்கு ஒட்டுவது? படகுக்காரர்கள் நாங்கள். அடியில் வேலை என்றால் படகைக் கவிழ்த்துப் போட்டுத்தான் பார்ப்போம்.

வெல்டர் சேட்டன் தலையைச் சொறிந்தார். "மோனே, இதுல என்னமோ ஒரு பந்திகேடு உண்டு கேட்டோ. என்னன்னு எனக்குப் பறையத் தெரியல. ஒரு நாள் கூட இரு, நான் ஒட்டித் தாறேன்."

"சேட்டா, ஒட்டுறத நீங்க ஒட்டுங்க. யோசிக்கிறத நான் பாத்துக்கிறேன்."

அவர் முகம் சின்னதாகிவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த வேலைக்குக் குனிந்தார். அச்சைப் புரட்டி மாட்டினோம். குடத்தின் மேல்பக்கம் இருந்த காற்று ஓட்டை இப்போது கீழே வந்திருந்தது. அதிலிருந்து எண்ணெய் கசிந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு துணியைத் திணித்தேன். பின்னால் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கி, ஒரு தரம் கியர் போட்டுப் பார்த்திருந்தால் போதும். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

இன்னொன்றும் செய்தேன். ஏறுவதற்காக இரண்டு பக்கமும் இரும்புப் படிகள் தொங்கிக்கொண்டிருந்தன. பாறையில் தட்டும் என்று தோன்றியது. சேட்டனின் காஸ் கட்டரை வாங்கி இரண்டையும் அறுத்துத் தள்ளினேன். "காலைத் தூக்கிப் போட்டு ஏறத் தெரியாதவனுக்கு வண்டி எதுக்கு?" என்று சிரித்தது நினைவிருக்கிறது. நினைவில்லாமல் போனால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

அத்தான் பட்டறைக்கு டிரங்க் கால் போட்டார். மழை பிடித்துவிட்டது, தோட்டில் தண்ணீர் ஏறுகிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஆடி முடிந்துதான் என்றார். அது புதன்கிழமை. வியாழக்கிழமை காலையில் மழை கொஞ்சம் விட்டிருந்தபோது வண்டிக்குப் பூஜை போட்டோம்.

அம்மா தாம்பாளத்தோடு வந்தாள். முன் மூடியில் சந்தனமும் குங்குமமும் வைக்கக் கையை நீட்டினாள். எட்டவில்லை. எட்டிப் பார்த்தாள், பக்கவாட்டில் போய்ப் பார்த்தாள், வண்டியின் உள்ளே ஏறும் இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போய் முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, அதன் மேல் ஏறி நின்று குங்குமம் வைத்தாள். அம்மா கட்டை. முக்காலி மேல் நின்று தள்ளாடியதைப் பார்த்து நான் கைதட்டிச் சிரித்தேன். எவ்வளவு உயரம் தூக்கியிருக்கிறேன் பார் என்று அவ்வளவு பெருமை எனக்கு. இறங்கும்போது அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

நாலு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தாள். முதல் ஓட்டத்தில் அவை நசுங்க வேண்டும், அதோடு கண்ணும் கழிய வேண்டும். புது வேலை, வண்டி எப்படிப் பாயுமோ என்று யாரையும் முன்னால் நிற்கவிடவில்லை நான். "எல்லாரும் பின்னால போங்க, பின்னால போங்க!" என்று கத்திக் கத்தி விரட்டினேன். அப்பா பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால், கிடங்குக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். அம்மாவும் சேட்டனும் பக்கத்தில் நின்றார்கள். அவரை அங்கே அனுப்பியது நான்தான்.

கிளட்சை விட்டதும் வண்டி மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. மழைத் தண்ணீர் வடிவதற்காகக் களம் கிடங்குப் பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். சரிவில் உருளுகிறது, கிளட்ச் இன்னும் கவ்வவில்லை என்றுதான் நினைத்தேன். படகில் பிரேக் கிடையாது. பின்னால் இழுத்தால் முன்னால் வேகம் கொடுத்து நிறுத்துவோம். ஆறு வருஷப் பழக்கம். கால் தானாக ஆக்சிலேட்டரை மிதித்தது. மிதிக்க மிதிக்க வண்டி பின்னால் பாய்ந்தது. அம்மா ஏதோ கத்தினாள். நாற்காலி நொறுங்கும் சத்தம் கேட்டது. வண்டி கிடங்குக் கதவில் மோதி அணைந்தது.

திரும்பிப் பார்த்தேன். பின்னால் அப்பா இல்லை. நாற்காலியும் இல்லை. அம்மா தாம்பாளத்தைப் பிடித்தபடி ஒதுங்கி நின்றாள். நான் குதித்து இறங்கினேன். ஆனால் குனிந்து அடியில் பார்க்க என்னால் முடியவில்லை. பெற்ற தகப்பனை என் கையால் கொன்றுவிட்டேன் என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. அந்த நிமிஷம் எவ்வளவு நீளமாக இருந்தது என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை.

வெல்டர் சேட்டன்தான் தரையில் படுத்து எட்டிப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அடியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"எனக்கு ஒண்ணும் பற்றல, ஒரு அடியும் படல. எடா, மேல இருந்து எண்ணெய் சொட்டுது. அத முதல்ல நிறுத்து."

சக்கரத்துக்கும் நடுக் குடத்துக்கும் இடையில் மல்லாந்து கிடந்தார். நாற்காலி அவரை முன்னால் தள்ளிவிட்டுத் தான் மட்டும் சக்கரத்தில் சிக்கி நொறுங்கியிருந்தது. பின் அச்சு அவர் மேலாகப் போயிருக்கிறது. சட்டையில் இரண்டு பொத்தானைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. ஸ்பிரிங்குகள் பழையபடி அச்சுக்குக் கீழே தொங்கியிருந்தால் அந்தத் தொந்தி என்ன கதியாகியிருக்கும்? அவரை வெளியே இழுத்து உட்கார வைத்தோம். உடம்பெல்லாம் எண்ணெய். நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? "உங்கள யாரு அங்க உக்காரச் சொன்னது?" என்று அவரைப் பார்த்துக் கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

அம்மா களத்தின் மறுகோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின் சக்கரத்துக்கு வைத்த இரண்டு பழமும், பின்னால் வந்த முன் சக்கரத்தில் சிக்கி நசுங்கியிருந்தன. முன் சக்கரத்துக்கு வைத்த இரண்டும் வைத்தபடியே இருந்தன.

"ஏலே, காய் நசுங்கல. இந்த வண்டியில எம் மகள ஏத்தக் கூடாது," என்றாள். சத்தமே போடவில்லை. அப்படிச் சொன்னால் அவள் மாறமாட்டாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"ரெண்டு நசுங்கிருச்சே. பாதிக் கண்ணு கழிஞ்சாச்சு," என்றார் அப்பா. "அதுவுமில்லாம வண்டி என் மேல ஏறிப் போயும் எனக்கு ஒரு கீறல் இல்ல. இதவிட நல்ல வண்டி எங்க கிடைக்கும்?"

அப்பா எழுந்து போய் நசுங்காத அந்த இரண்டு பழத்தையும் பொறுக்கி எடுத்துத் துடைத்து, முக்குக் கடையிலிருந்து சோடா வாங்கி வரச் சொல்லி, பிழிந்து உப்புப் போட்டு ஒரே மூச்சில் குடித்தார். சக்கரத்துக்கு வைத்த பழத்தை மனுஷன் குடிப்பதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அம்மா தாம்பாளத்தை நங்கென்று தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகுதான் சேட்டனும் நானும் பின்பக்கம் ஜாக்கி கொடுத்துத் தூக்கினோம். முதல் கியரில் போட்டேன். சக்கரங்கள் பின்னோக்கிச் சுற்றின. சேட்டன் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் முன் பிடித்தார். "இந்தப் பக்கம் நின்னு பாத்தா முள்ளு வலத்தோட்டு கறங்கும். வாச்சுக்குப் பின்னால நின்னு பாத்தா?" இடப்பக்கம்தான் சுற்றும். அச்சைப் புரட்டியதும் குடத்துக்குள் இடப்பக்கம் இருந்த பெரிய பல்சக்கரம் வலப்பக்கம் வந்துவிட்டது. அது சுற்றும் திசையும் மாறிவிட்டது. மூன்று முன் கியரும் பின்னாலும், ஒரே ஒரு ரிவர்ஸ் கியர் முன்னாலும் ஓடும் ஒரு வண்டியை, அக்காவை மலையிலிருந்து கொண்டுவருவதற்காக, நான் மெனக்கெட்டுச் செய்து வைத்திருந்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. சேட்டன் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. எனக்கு அதுவே பெரிய தண்டனையாக இருந்தது.

வியாழனும் வெள்ளியும் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு மழையில் வேலை செய்தோம். அச்சைப் பழையபடி நிமிர்த்தி, சேட்டன் முதலிலேயே சொன்னபடி மேல்பக்கம் மேடை வெட்டி ஒட்டினார். ஒவ்வொரு கியராகப் போட்டுச் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்தேன். அம்மா எங்களுக்குச் சாயா கொண்டுவந்து வைப்பாள், வண்டிப் பக்கம் திரும்பமாட்டாள். சனிக்கிழமை விடியும்போது நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அவள் தடுத்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தடுக்கவில்லை. முந்தானையில் எதையோ கட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் குனிந்து குனிந்து வைத்தாள். எட்டு எலுமிச்சம்பழம். சக்கரத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

"எந்தப் பக்கம் போனாலும் நசுங்கட்டும்," என்றாள்.

மூவாற்றுப்புழை, கோதமங்கலம், நேரியமங்கலம் பாலம் என்று கொட்டுகிற மழையில் ஏறினேன். உடன் வெல்டர் சேட்டன், வழியில் ஏதாவது கழன்றால் ஒட்டுவதற்கு என்று தானாகவே வந்தார். கடைத்தெருவைத் தாண்டியதும் அந்த ஐந்து மைல் தொடங்கியது. தோடு வந்தது. தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு மேல் வந்தும் உள்ளே ஒரு சொட்டு ஏறவில்லை. பிறகு அந்த எருமை முதுகு. கண்ணை மூடிக்கொள்ளாத குறையாக அதன் மேல் விட்டேன். எதுவும் தட்டவில்லை. சேட்டன் குனிந்து பார்த்துவிட்டு, "நாலு விரல் பாக்கி உண்டு மோனே," என்றார். நான் ஸ்டீரிங்கைத் தட்டிக் கூவினேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அக்கா வாசலில் தயாராக நின்றிருந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறேன். முகம் வெளுத்து, கால் வீங்கி, வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் அவளைக் கைத்தாங்கலாக வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். அக்கா வண்டியைப் பார்த்தாள். ஏறும் இடம் அவள் வயிற்றுக்கு நேராக இருந்தது. சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு வலது காலை உயர்த்தினாள். கால் ஒரு சாணுக்கு மேல் எழும்பவில்லை. இன்னொரு தரம் முயன்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எப்படிடா ஏறுறது?"

பாறைக்கு அளவெடுத்தேன், பள்ளத்துக்கு அளவெடுத்தேன், தோட்டுத் தண்ணீருக்குக்கூடக் கேட்டு அளவெடுத்தேன். ஏறப்போகிறவளை நினைக்கவே இல்லை. இரண்டு மாதத்தில் ஒரு நாள்கூட நினைக்கவில்லை. இருந்த படியையும் அறுத்துப் போட்டுவிட்டேன்.

அத்தான் வீட்டிலிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அக்கா கை வைத்து அழுத்தியதுமே அதன் இரண்டு கால் சேற்றில் இறங்கிச் சாய்ந்தது. அவள் பயந்து பின்வாங்கினாள். தூக்கி ஏற்றலாம் என்றால் வயிறு அழுந்திவிடும் என்று கையை உதறினாள். மழை வலுத்துக்கொண்டே வந்தது. தோட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

நான் வண்டியை ஒட்டிச் சேற்றில் மண்டியிட்டு இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டேன். "ஏறுக்கா."

"சீ, உன் மேல கால் வெக்கிறதா? எழுந்திருடா."

"ஏறுக்கா. கெஞ்சுறேன்."

நான் கெஞ்சி அவள் அதுவரை கேட்டதே இல்லை. அத்தான் ஒரு கையையும் சேட்டன் ஒரு கையையும் பிடித்துக்கொள்ள, அக்கா என் முதுகில் கால் வைத்தாள். இரண்டு உயிரின் கனம் என் முதுகில் ஏறி நின்றது. மெல்ல எழும்பி உள்ளே போய் உட்கார்ந்தாள். யார் மேலாவது கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். அவள் வெளியே சாய்ந்து கையை நீட்டினாள். நான் கீழே சேற்றில் இருந்தேன், எட்டவில்லை. நான் எழுந்து நின்ற பிறகுதான் அவள் கைக்கு என் தலை எட்டியது.

இறங்கும்போது அந்த எருமை முதுகு வந்த இடத்தில் அக்கா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். வண்டி ஆடாமல் தாண்டியது. தாண்டிய பிறகும் அவள் பிடியை விடவில்லை. நேரியமங்கலம் வரை அழுதுகொண்டே வந்தாள்.

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்குள் திரும்பியபோது சாயங்காலம். களத்து வாசலில் அம்மா குடை பிடித்து நின்றாள். கையில் முக்காலி. வண்டி நின்றதும் யாரும் கேட்பதற்கு முன்னால் அதைக் கொண்டுவந்து அக்கா பக்கம் சிமென்ட் தரையில் போட்டு, ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்தாள். எத்தனை நேரமாக அதைத் தூக்கிக்கொண்டு நின்றாளோ, தோளெல்லாம் நனைந்திருந்தது. அக்காவை உள்ளே படுக்க வைத்துவிட்டு அம்மா திரும்பி வந்தபோது நான் இன்னும் வண்டிப் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

"உனக்குத் தெரியுமாம்மா? அவளால ஏற முடியாதுன்னு?"

"குங்குமம் வெக்க எனக்கே எட்டல. அப்பத்தான் தெரிஞ்சுது. நீ சிரிச்சியே."

"அப்பவே சொல்லிருக்கலாமே."

"சொன்னா கேக்குற ஆளா நீ? காய் நசுங்கலன்னு சாமி பேருல சொன்னாலாவது ரெண்டு நாள் நின்னு யோசிப்பேன்னு பாத்தேன். நீ நிக்கல."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். என் தலையைத் துவட்டச் சொல்லித் துண்டை நீட்டினாள்.

மறுநாள் காலையில், அறுத்துப் போட்ட படிகளைக் குப்பையிலிருந்து தேடி எடுத்தேன். இன்னும் கீழே தொங்குவதற்காகச் சேட்டன் அவற்றில் இரும்புப் பட்டை சேர்த்துக் கொடுத்தார். எங்கே ஒட்டலாம் என்று கேட்டார். நான் அம்மாவைக் கூப்பிட்டு, வண்டிப் பக்கத்தில் நிறுத்தி, கஷ்டப்படாமல் கால் எவ்வளவு எழும்பும் என்று தூக்கிக் காட்டச் சொன்னேன். அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். கோடு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

அந்தப் படியில் ஏறித்தான் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெண் குழந்தை. பிறந்ததும் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதது என்று அத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்த அன்று, இறக்கிவிட நான் கையை நீட்டினேன். அக்கா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல், படியில் கால் வைத்துத் தானே இறங்கினாள்.